எரியோட்டுப் படகின் பேட்டரி

மாடியிலிருந்து பாதிப் படி இறங்கும்போதே நுஸைபாவுக்கு அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. பேட்டரி கடைக்காரர்களுக்கு அது என்னவென்று தெரியும். சார்ஜ் மிஞ்சிப் போய், உள்ளே ஆசிட் கொதிக்கிறது.

பேகம்பூரில் வீட்டுக்குக் கீழேயே பேட்டரிக் கடை. கணவர் தப்ரேஸ் விடிந்ததும் வேடசந்தூர் மில் ஒன்றுக்கு வேலையாகப் போயிருந்தார். எரியோடு ஊருக்குப் பக்கத்தில் குட்டையில் மீன் வளர்க்கும் பாண்டியராஜ், தீவனம் போடும் படகின் பேட்டரியை முந்தின நாள் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மூடிகளைத் திறந்தபோது தண்ணீர் வற்றி, ஈயத் தகடுகள் வெளியே தெரிந்தன. நுஸைபா டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, காலை ஏழு மணிக்குச் சார்ஜில் போட்டாள். சார்ஜர் தானாக நின்றுவிடும் என்று நம்பி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சமைக்கப் போனாள். இப்போது மணி பதினொன்று.

ஷட்டர் மேலே ஏறியிருந்தது. உள்ளே பாண்டியராஜ் குனிந்து நின்றார். பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தன. அவர் கை சிவப்புக் கிளிப்பின் மேல் இருந்தது.

“அண்ணே, கிளிப்பக் கழட்டாதீங்க.”

“கொதிக்குது தங்கச்சி. கழட்டுனா நின்னுரும்ல?”

“கழட்டுனா பொறி பறக்கும். ரூம் பூரா கேஸு. அசைக்காம கைய எடுங்க.”

நிதானமாகச் சொன்னாள். தப்ரேஸின் தம்பி யாசினுக்கு வலது கண் போனது இப்படித்தான். ஓடுகிற சார்ஜரில் கிளிப்பை உருவினான், அவ்வளவுதான்.

பாண்டியராஜ் கையை எடுத்தார். “நாத்தம் தாங்கல” என்று ஃபேன் சுவிட்சுப் பக்கம் திரும்பினார்.

“அதையும் தொடாதீங்க. வெளிய வாங்க.”

அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் தெருவுக்கு வந்துவிட்டார்.

மெயின் சுவிட்ச் கடைக்கு வெளியே, படிக்கட்டு ஓரம் இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அதை இறக்கினாள். கொதிக்கிற சத்தம் நிற்கவில்லை. சூடேறிய தகடுகள் உள்ளுக்குள்ளேயே உரசினாலும் பொறி வரும். அப்போதுதான் மாடியில் அடுப்பு எரிவது நினைவுக்கு வந்தது. மாமியார் அஜீஸுன்னிசாவும் அங்கேதான் இருந்தார். முட்டி ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். மாமியாரைக் கைத்தாங்கலாக இறக்கினாள்.

“என்னம்மா, மூச்சு வாங்குது ஒனக்கு?”

“ஒண்ணுமில்ல மாமி. செத்த நேரம் வெளிய இருப்போம்.”

பதினாறு படி. ஒவ்வொரு படியிலும் மாமியார் இரண்டு காலையும் ஊன்றி நின்ற பிறகே அடுத்த காலை வைத்தார். கடைசிப் படியிலிருந்து தெருவுக்குப் போகக் கடை வாசலைத் தாண்டியாக வேண்டும். நுஸைபா அந்தப் பக்கமாகத் தான் நின்றுகொண்டு, மாமியாரின் தலையைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டாள். உள்ளே பார்க்கவில்லை. வாய்க்குள் ஓதத் தொடங்கிய துஆகூட முழுதாக வரவில்லை.

எதிர்த்த வீட்டு வாசலில் மாமியாரை உட்கார வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கடைக்குள் வெடிச்சத்தம் கேட்டது. ஷட்டர் அதிர்ந்தது. அஜீஸுன்னிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து நுஸைபாவும் பாண்டியராஜும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். பேட்டரியின் மேல்பாகம் பிய்ந்து கிடந்தது. சுவரில் ஆள் உயரத்துக்கு ஆசிட் தெறித்து வழிந்திருந்தது. பாண்டியராஜ் தன் சட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு பக்கத்துத் திட்டில் உட்கார்ந்துவிட்டார்.

நுஸைபா தப்ரேஸுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

“நீ இப்ப எங்க நிக்கிற?” என்றார் அவர்.

“வெளிய.”

“வெளியவே நில்லு. உள்ள போகாத. நா வாரேன்.”