மாதம்மாள் வீட்டு நிலையும் ஒரு தீவு வண்டும்

1

இந்தக் கதை பெருமையடித்துக்கொள்ளத்தான் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா காமாட்சி சேலத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் டீச்சர். அவளைப் பற்றி யாராவது கேட்டால் லேசில் விடமாட்டேன். நீங்கள் கேட்கவில்லை. பரவாயில்லை, உட்காருங்கள்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் காப்பிப் பூவின் மணம்...’ சீ! எங்கள் ஊரைப் பற்றி எழுதுகிற எல்லாரும் பனியில்தான் ஆரம்பிக்கிறார்கள். போகட்டும்.

2

1984 கோடை விடுமுறைக்கு அக்கா ஏற்காட்டில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பக்கத்து ஊரான தலைச்சோலையில் காப்பித் தோட்டம் போட்டிருக்கும் மாதம்மாள் ஒரு ஊறுகாய் பாட்டிலோடு அவளைத் தேடி வந்தாள். உள்ளே ஒரு வண்டு. உடம்பைவிட மீசை நீளம்.

“ஏனுங்கம்மா, இது எங்காப்பிச் செடியில உக்காந்திருந்துச்சுங்க. தண்டு துளைப்பான்னு சொல்லி, நாளைக்கு எல்லாருஞ் சேந்து தோட்டத்தையே புடுங்கிக் கொளுத்தறேங்கறாங்க. இதென்ன பூச்சின்னு நீங்க சொல்லோணும்.”

(காப்பித் தண்டைக் குடையும் வண்டு ஒரு தோட்டத்தில் இறங்கினால், பக்கத்துத் தோட்டக்காரர்கள் கூடி அந்தச் செடிகளைப் பிடுங்கி எரிப்பது மலை வழக்கம். கொளுத்தலாம் என்று முதலில் சொன்ன சின்னையனை இதற்காக வில்லனாக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவருடைய தோட்டம் மாதம்மாளின் வேலியை ஒட்டியது, அவ்வளவுதான். நானாயிருந்தாலும் கடப்பாரை எடுத்திருப்பேன்.)

3

அக்கா அன்று சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. லென்ஸை வைத்துக்கொண்டு மீசைக் கணுக்கள், கழுத்தோர முள், இறக்கை மூடியின் வெள்ளைப் புள்ளி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் புத்தகப் படத்தோடு ஒப்பிட்டாள். ‘கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளிக் குதித்தாள்’ என்று எழுத ஆசைதான். அவள் துள்ளுகிற ஆளில்லை.

“இது காப்பியைத் தொடாதுங்க. அந்தமான் தீவு வண்டு. அங்கயே எப்பவாவதுதான் கண்ணுல படும். மரத்துக்குள்ள வருசக்கணக்கா புழுவாக் கெடந்துட்டு வெளிய வரும். உங்க ஊட்டுல புது மரம் ஏதாச்சும் இருக்குதுங்களா?”

மாதம்மாளின் முகம் மாறிவிட்டது. “வாசக்கால் நெலவுதானுங்க. கப்பல்ல வந்த செவப்பு மரம்னு சேலத்துக் கடைக்காரரு சொன்னாருங்க.”

4

மறுநாள் காலை தலைச்சோலையில் கடப்பாரைகளோடு கூட்டம். “கடலுக்கு அந்தாண்ட இருக்கற பூச்சி, பஸ் ஏறியா வந்துச்சுங்க?” என்றார் சின்னையன். அக்கா நிலையின் அடியில் இருந்த வட்ட ஓட்டையைக் காட்டினாள்.

“ஆணி அடிச்ச ஓட்டையா இருக்குமுங்க. மரத்துக்குள்ள கொடஞ்ச தடம் இருந்தா நம்பறோம்” என்றார் அவர்.

பார்க்க வேண்டுமானால் நிலையைப் பிளக்க வேண்டும். மஞ்சள் பூசி, தேங்காய் உடைத்து நிறுத்திய நிலை! குடியிருக்கிற வீட்டு நிலையில் உளி வைக்க எந்த ஆசாரியும் வரமாட்டார். குடும்பத்துக்கே ஆகாது என்பார்கள்.

“தப்பாப் போச்சுன்னா தோட்டமும் போச்சு, நெலவும் போச்சு. நல்லாத் தெரிஞ்சுதான் சொல்றீங்களா டீச்சர்?” என்றார் சின்னையன்.

அந்த வண்டை அக்கா அதற்குமுன் படத்தில் மட்டுமே பார்த்திருந்தாள். ஆனாலும் அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

“தெரிஞ்சுதானுங்க சொல்றேன். பொளந்து பாருங்க.”

மாதம்மாள் நிலையைத் தொட்டுக் கும்பிட்டாள். “எங்கூட்டு நெலவு, நானே வெக்கறன் உளிய.”

5

முடிவு ஒன்று: தூள் கொட்டுகிறது, தடத்துக்குள் ஒரு வெள்ளைப் புழு நெளிகிறது. சின்னையன் கடப்பாரையைக் கீழே போடுகிறார்.

முடிவு இரண்டு: மரம் கெட்டியாக இருக்கிறது. கூட்டம் தோட்டத்துப் பக்கம் திரும்புகிறது. அக்கா...

[இதை எழுதக் கை வரவில்லை.]

நிஜத்தில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். நானும் அங்கேதான் நின்றேன், தெரியும். ஆனால் சொல்ல மாட்டேன். சொன்னால் புழு இருந்ததா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவீர்கள். ஒருத்தி தான் படித்த படிப்பை நம்பி, ஊர் முன்னால் ஒரு பூச்சியின் பெயரைச் சொன்னாள். இன்னொருத்தி அந்தச் சொல்லை நம்பித் தன் வீட்டு நிலையில் உளி வைத்தாள். மரத்துக்குள் எது இருந்திருந்தாலும் இந்த இருவரைப் பற்றி நான் பெருமையடித்துக்கொண்டுதான் திரிவேன்.

உளி மரத்தில் பதிந்திருக்கிறது. மாதம்மாள் சுத்தியலை ஓங்கிவிட்டாள். இனி அடி உங்களுடையது.