வெல்டிங் இன்ஸ்பெக்டரும் இன்ஸ்பெக்டர் விட்லோவும்

என் கணவர் கௌரிசங்கர் ஏழு சீசனில் ஒரு கொலைகாரனைக்கூடச் சரியாகக் கண்டுபிடித்ததில்லை. பிழைப்புக்கு அவர் செய்வதும் இன்ஸ்பெக்டர் வேலைதான் என்பதுதான் இதில் வேடிக்கை. அபுதாபிப் பக்கம் முசஃபாவில் ஓர் இரும்புக் கட்டுமான யார்டில் வெல்டிங் இன்ஸ்பெக்டர். பற்றவைத்த இடத்தில் சிவப்புச் சாயம் தடவி, டார்ச் அடித்து, மயிரிழை விரிசலைக்கூடப் பிடித்துவிடுவார். ஆனால் டிவியில் ஒருவன் பிணத்துக்குப் பக்கத்தில் கத்தியோடு நின்றாலும், "பாவம், காய் நறுக்க வந்திருப்பான்" என்பார்.

நாங்கள் பார்ப்பது 'விட்லோ' என்கிற பிரிட்டிஷ் துப்பறியும் தொடர். ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். எட்டு சீசனுக்குள் அங்கே ஐம்பது பேர் கொலையாகிவிட்டார்கள். அப்படியும் அந்த ஊருக்கு யாராவது புதிதாகக் குடிவந்துகொண்டேதான் இருக்கிறார்கள். எழுபது வயதை நெருங்கும் ஓர் அம்மையார்தான் இன்ஸ்பெக்டர் விட்லோ. சத்தம் போட மாட்டார், துப்பாக்கி தூக்க மாட்டார். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வீட்டிலும் டீ குடிப்பார், அவ்வளவுதான். ஆறாவது சீசனில் அந்த நடிகைக்கு நிஜமாகவே முழங்கால் ஆபரேஷன் நடந்தது. கதையில் இன்ஸ்பெக்டர் மாடிப்படியில் விழுந்ததாகச் சமாளித்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு எபிசோட் தொடங்கும்போதும், "அந்தம்மா இப்ப நல்லா நடக்குறாங்களா?" என்றுதான் என் கணவர் முதலில் கேட்பார், ஏதோ அத்தைக்கு உடம்பு சரியில்லாத மாதிரி.

அந்த நாட்டில் நடிகர்கள் குறைவு போலிருக்கிறது. இரண்டாம் சீசனில் செத்த ஆள் ஐந்தாம் சீசனில் பாதிரியாராக வருவார். எனக்கும் மகள் ரக்ஷிதாவுக்கும் அது சிரிப்பு. இவருக்கோ அந்தப் பாதிரியார்மேல் தனிக் கரிசனம். "ஏற்கெனவே ஒரு தடவை செத்தவர், அவரைப் போய் சந்தேகப்படாதே" என்று எனக்கே புத்தி சொன்னார். கடைசியில் அந்தப் பாதிரியார்தான் கொலை செய்திருந்தார்.

நானும் ரக்ஷிதாவும் இருப்பது துபாயில், அல் குசைஸில். நான் அங்கே ஓர் இந்தியப் பள்ளியில் கணக்கு டீச்சர், மகள் பத்தாம் வகுப்பு. அவர் வாரம் முழுக்க முசஃபாவில் கபீர் பாய் என்கிற நண்பரோடு ஒரே ரூமில். சனிக்கிழமை சாயந்திரம் பஸ் பிடித்து வருவார், திங்கட்கிழமை விடியுமுன் கிளம்பிவிடுவார். ஆகவே செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஏழு மணிக்கு, அவர் அங்கேயும் நான் இங்கேயுமாக, போனில் பேசிக்கொண்டே ஒரே நேரத்தில் எபிசோடை ஓடவிடுவோம். ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவர் பார்க்கக் கூடாது என்பது ஒப்பந்தம். ஏழு வருஷமாக அதை மீறியதில்லை. வாரத்தில் ஆறு நாள் தனித்தனியாக வாழ்கிற எங்களுக்கு ஒரே வீட்டில் இருப்பது போலத் தோன்றுவது அந்த ஒன்றரை மணி நேரம்தான். அதனால் எனக்கு அது பெரிய விஷயம்.

எனக்குப் பிணம் என்றால் பயம். டிவியில்கூடப் பார்க்க மாட்டேன். பிணம் வந்ததும் கண்ணை மூடிக்கொள்வேன். போனில் அவர், "போயிடுச்சு ஜோதி, கண்ணைத் திற" என்பார். இப்படித்தான் ஐம்பது பிணங்களைத் தாண்டி வந்திருக்கிறேன்.

எட்டாவதுதான் கடைசி சீசன். அந்த அம்மையார் ஓய்வு பெறுகிறாராம். ஆறு எபிசோடில் கடைசியை மட்டும் நேரில், சோபாவில் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு செய்திருந்தோம். ஐந்தாவது எபிசோடில்தான் வந்தது வினை. இன்ஸ்பெக்டர் விட்லோ ஒரு டாக்டர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். வெளியே குயில் மாதிரி ஏதோ கூவுகிறது. எல்லாம் சாந்தமாக இருக்கிறது. அப்போது போனில் இவர், "ஜோதி, கண்ணை மூடிக்கோ" என்றார். நானும் மூடிக்கொண்டேன். இரண்டு நொடி கழித்து அலமாரி திறக்கிற சத்தமும் ரக்ஷிதா அலறுகிற சத்தமும் கேட்டன.

அலமாரியில் பிணம் இருப்பது இன்ஸ்பெக்டருக்கே தெரியாதபோது இவருக்கு எப்படித் தெரிந்தது?

பாதியில் வழக்கம்போல, யார்மேல் சந்தேகம் என்று மட்டும் கேட்டேன். மற்ற நாளாக இருந்தால் கால் மணி நேரம் ஆலோசிப்பார். இவனுக்கு வயசான அம்மா இருக்கிறாள், அவள் நாய்க்குச் சோறு வைக்கிறாள் என்று ஒவ்வொருவராக விடுதலை செய்துவிட்டு, மனசே இல்லாமல் ஒருவர் பெயரைச் சொல்வார். அன்றைக்குச் சட்டென்று, "அந்தத் தோட்டக்காரன்" என்றார். பதினெட்டு வருஷம் பேப்பர் திருத்தியவள் நான். வழியே எழுதாமல் விடையை மட்டும் எழுதினால், சரியோ தப்போ, அதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. ரக்ஷிதா, "அம்மா, சில். ஹீ சீட்டட் ஆன் யூ வித் இன்ஸ்பெக்டர் விட்லோ" என்று சிரித்துவிட்டு டியூஷன் நோட்டோடு உள்ளே போய்விட்டாள். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று, தொடர் வருகிற ஆப்பில் அவருடைய கணக்கைத் திறந்து, என்னென்ன பார்த்திருக்கிறார் என்ற பட்டியலை எடுத்தேன்.

எட்டாவது சீசன் ஆறும் பார்த்து முடித்திருந்தார். அதோடு விடவில்லை. முதல் சீசனிலிருந்து மறுபடி தொடங்கி நான்காவது வரை வந்திருந்தார். பன்னிரண்டு நாளில் முப்பது எபிசோட். போன திங்கட்கிழமை மட்டும் ஐந்து. எபிசோடுக்கு ஒன்றரை மணி என்றால் ஏழரை மணி நேரம். காலை ஆறிலிருந்து சாயந்திரம் ஆறு வரை டியூட்டி பார்க்கிற மனிதருக்குத் திங்கட்கிழமையில் ஏழரை மணி நேரம் எங்கிருந்து கிடைக்கும்?

கணக்குப் போட்டு முடித்ததும் என் கோபம் போய்விட்டது. அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. போன வாரம் அவர் துவைக்கக் கொண்டுவந்த யூனிஃபார்ம் நினைவுக்கு வந்தது. எப்போதும் துவைத்த தண்ணீரில் இரும்புத்தூள் கறுப்பாகப் படியும். போன வாரம் தண்ணீர் தெளிவாக இருந்தது. சோப்பு மாற்றியதால் என்று நினைத்துக்கொண்ட முட்டாள் நான்.

மறுநாள் பள்ளி இடைவேளையில் போன் செய்தேன். சைட்டில் இருப்பதாகச் சொன்னார். ஏழு வருஷத்தில் டியூட்டி நேரத்தில் எப்போது கூப்பிட்டாலும் பின்னால் கிரைண்டர் காதைக் கிழிக்கும். அன்று ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பாத்ரூமில் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு ஒன்பதாம் வகுப்புக்குப் போய் முக்கோணம் நடத்தினேன்.

சனிக்கிழமை வரை மூன்று நாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு இந்த மனிதர் எப்படித்தான் பஸ் ஏறி வருகிறாரோ என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். எதற்காக மறைக்கிறார் என்பது தெரியாமலில்லை. ரக்ஷிதாவுக்குப் பிப்ரவரியில் பொதுத் தேர்வு. எங்கள் மகளின் விசா அவர் வேலையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. வேலை போனால் நடுவில் மூட்டை கட்ட வேண்டி வருமே என்று பயந்திருப்பார். பள்ளி அலுவலகத்தில் விசாரித்தேன். என்னுடைய பெயரில் மகளுக்கும் அவருக்கும் விசா போட வழி இருக்கிறது என்றார்கள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் என்னிடம் சொல்லாமலே இருந்துவிடுவாரோ என்ற பயம் அப்படியே இருந்தது.

சனிக்கிழமை வந்தார். பையில் மடித்த யூனிஃபார்ம், முகத்தில் களைப்பு. இந்த வாரம் சைட்டில் சரியான வெயில் என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ரக்ஷிதா தோழி வீட்டுக்குப் படிக்கப் போயிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் கடைசி எபிசோடுக்காக சோபாவில் உட்கார்ந்தோம். இன்ஸ்பெக்டர் விட்லோ கடைசிக் காட்சியில் எல்லோரையும் ஹாலில் கூட்டி வைத்து, ஒவ்வொரு தடயமாகச் சொல்லிக் குற்றவாளியைக் கிழிப்பார். எனக்கும் அப்படிச் செய்யத்தான் ஆசை. அவருடைய சட்டைக் காலர் கழுத்தில் தொளதொளவென்று நின்றதைப் பார்த்ததும் அந்த ஆசை போய்விட்டது.

"இதைப் பார்க்கும்போது அழுதீங்களா?" என்று கேட்டேன்.

அவர் ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"அழுதேன்."

"வேலை போன அன்னைக்கு?"

"அன்னைக்கு அழல."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். யார்டுக்கு வேலை வரத்து இல்லையாம். ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஆபீஸில் கூப்பிட்டுப் பேப்பரைக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டில் செக்யூரிட்டிக்காரன் இவர் கழுத்திலிருந்த ஐடி கார்டைக் கழற்றி வாங்கிக்கொண்டான். உள்ளே போய் யாரிடமும் சொல்லிவிட்டு வர விடவில்லை. ரூமுக்கு வந்து, ஒன்றும் தோன்றாமல் விட்லோவைப் போட்டிருக்கிறார். "நீ பக்கத்துல இருக்கிற மாதிரி இருந்துச்சு ஜோதி. நிறுத்தினா ரூம்ல சத்தமே இல்ல" என்றார்.

அப்புறம் கடைசி எபிசோடைப் பற்றிப் பேசினார். இன்ஸ்பெக்டர் விட்லோ ஸ்டேஷனை விட்டுப் போகிற நாளில், எல்லோரும் நடைபாதையில் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கிறார்களாம். உதவிக்கு வருகிற சார்ஜண்டாக நடிக்கிறவர் வசனத்தை மறந்துவிட்டு நிஜமாகவே அழுகிறாராம். அது நடிப்பில்லை, எட்டு வருஷம் கூடவே வேலை பார்த்தவர்கள், பார்த்தாலே தெரிகிறது என்றார்.

"அந்தம்மாவை வழியனுப்ப அத்தனை பேர் நிக்கிறாங்க. என்னைய ஒருத்தன் கார்டை வாங்கிட்டு வெளிய விட்டான். ஒன்பது வருஷம், ஜோதி."

நான் அவர் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். விசா விவரம் சொன்னேன், திங்கட்கிழமை எங்கேயும் போக வேண்டாம் என்றேன். என்னிடம் மறைத்ததற்கு மட்டும் நன்றாக நாலு வார்த்தை கேட்டேன். அதைக் கேட்காமல் விட்டால் என் தலை வெடித்துவிடும். கடைசி எபிசோடைப் பார்த்தபோது இரண்டு பேரும் அழுதோம்.

அவர் தூங்கப் போன பிறகு கபீர் பாய்க்குப் போன் செய்தேன். கீழக்கரைக்காரர், முசஃபாவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். என் குரலைக் கேட்டதுமே, "தெரிஞ்சு போச்சா தங்கச்சி? சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு" என்று வருத்தப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்கு ரூமைக் காலி செய்ய வருகிறோம், அவரைப் பிடித்தவர்கள் யார்டில் யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். குறை கண்டுபிடிப்பதையே வேலையாகக் கொண்ட மனிதரை யாருக்குப் பிடிக்கும்? மூன்று பேர் வந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஒரு பெட்டி, ஒரு குக்கர், ஒரு தலையணை, அவ்வளவுதான் ரூமில் இருந்தது. ரக்ஷிதா குக்கரைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினாள். கீழே போனவள் திரும்பி ஓடிவந்து, "அப்பா, நீங்க முன்னாடி போங்க" என்றாள்.

வாசலிலிருந்து கபீர் பாயின் வண்டி வரைக்கும் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றிருந்தார்கள். தமிழர்கள், பிகாரிகள், வங்காளிகள், ஒரு நேபாளி. ஞாயிற்றுக்கிழமை லீவை விட்டுவிட்டு, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். இருபத்தாறு பேர்.

அவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே போனார். ஒரு வங்காளிப் பெரியவர், "இன்ஸ்பெக்டர் சாப்" என்று சொல்லி இரண்டு கையாலும் அவர் கையைப் பற்றிக்கொண்டார். வரிசையின் கடைசியில் சுரேஷ்குமார் என்கிற வெல்டர் நின்றிருந்தான். கடலூர்ப் பையன், முப்பது வயது இருக்கும்.

"சார், ஒரு ஜாயின்ட்டை மூணு தடவை ரிஜெக்ட் பண்ணீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. நாலாவது தடவை போட்டியே, இத்தனை வருஷத்துல அதவிட நல்ல ஜாயின்ட்டு நான் பார்த்ததில்ல."

"அன்னைக்கு ஓகேன்னு எழுதிட்டுப் போயிட்டீங்க சார். ஒரு வார்த்தை சொல்லல."

என் கணவர் அவன் கையை விடாமல், திரும்பி என்னைப் பார்த்தார்.

"சொல்லியிருக்கணும். மனசுல இருக்கறதைச் சொல்லாம வச்சுக்கிறது என் தப்புதான்" என்றார். அத்தனை பேர் பார்க்க அங்கேயே நின்று அழுதார்.