முத்திரை குத்தாத கடிதம்

ராயபுரம் மரக்கிடங்குச் சந்து நூலகத்தில் இருந்த ஆயிரத்து நூற்றுப் பதினாறு புத்தகங்களும் 1951ஆம் வருஷம் ஆடி மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குப் பேச ஆரம்பித்தன. அன்று காசிமேட்டில் வஞ்சிரம் கொஞ்சம் மலிவு. நூலகர் மதார் சாகிப் மேஜையைத் துடைத்துவிட்டு, முந்தின நாள் யாரோ திருப்பிக் கொடுத்த பூகோளப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் அது கோதாவரி ஆற்றின் நீளத்தைச் சொல்லிற்று. கீழே வைத்தால் நிறுத்திக்கொண்டது. ஒன்றுக்கு நாலாக எடுத்துப் பார்த்தார். எல்லாம் பேசின. கையில் வைத்திருப்பவர் காதுக்கு மட்டும்தான் கேட்டது; பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு சத்தமும் இல்லை. வைத்தியப் புத்தகம் இருமிக்கொண்டே பேசியது. இலக்கணப் புத்தகத்துக்கு எரிச்சல் அதிகம். மத்தியானத்துக்குள் இன்னொன்றும் தெரிந்துவிட்டது: நூலகத்தின் ஊதா முத்திரை விழுந்த காகிதம்தான் பேசும், முத்திரை குத்தாத காகிதம் வாயைத் திறக்காது.

அதுவரைக்கும் அந்த நூலகத்தின் பிழைப்பு சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. தை மாதம் திறந்தது. துறைமுகத்து ஆட்கள் வாசல்வரை வருவார்கள், அலமாரியைப் பார்ப்பார்கள், தங்கள் காலைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். மூட்டையின்மேல் நங்கூரம் போட்டிருந்தால் எந்தக் கப்பலுக்கு, நட்சத்திரம் போட்டிருந்தால் எந்தக் கிடங்குக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்கள் அவர்கள். எழுத்துதான் தெரியாது. வண்ணாரப்பேட்டையிலிருந்து நடந்தே வேலைக்கு வரும் மதார் சாகிப், மேலே யாரையும் கேட்காமல், தினம் சாயங்காலம் ஒரு வகுப்பு வைத்தார். பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். பதினொரு பேர் சும்மா வந்தவர்கள். ஒருத்திக்கு மட்டும் காரியம் இருந்தது. அவள் கருவாடு காயவைக்கும் வியாகுலம்மாள்.

அந்தச் சந்தில் ஒரு பழக்கம் உண்டு. யாருக்குக் கடிதம் வந்தாலும் குழாயடிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே சந்திலேயே படிக்கத் தெரிந்த ஒரே ஆளான வரதன் மேடையில் ஏறி நின்று, குடம் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படிப்பார். சாவோ பிறப்போ எல்லாருக்கும் பொது. ஒளித்து வைத்தால் திமிர் பிடித்தவள் என்பார்கள். வியாகுலம்மாளின் கணவன் கஸ்பார், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான வருஷத்தில் விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவன். இரண்டு வருஷம் கழித்து யாரையோ பிடித்து ஒரு கடிதம் எழுதியனுப்பினான். வரதன் அதை மணிமணியாகப் படித்தார். அங்கே ஒரு பெண்ணோடு குடும்பமாகிவிட்டதாகவும் தன்னை மன்னிக்கும்படியும் எழுதியிருந்தது. வியாகுலம்மாள் குடத்தை இடுப்பில் தூக்குவதற்கு முன்னால் சந்து முழுக்கச் செய்தி போய்விட்டது. பாவம், அவள் அந்தக் குழாயில் அப்புறம் தண்ணீர் பிடிக்கவே இல்லை. அரை மைல் நடந்து ரயில்வே குழாய்க்குப் போனாள்.

ஏழு வருஷம் கழித்து, 1951 வைகாசியில், விசாகப்பட்டினத்திலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. அவள் உறையைப் பிரிக்காமல் மடியில் முடிந்துகொண்டு மறுநாளே வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். சங்கதி தெரிந்ததும், நான் படித்துச் சொல்லட்டுமா என்று மதார் சாகிப் கேட்டார்.

"வோணாம் பாய். நீ நல்லவன்தான். ஆனா நீ பட்ச்சா அது ரெண்டு பேருக்குத் தெர்ஞ்சதா ஆவுது. இது என் கண்ணுக்கு மட்டும் வந்தது."

விரலில் உப்பு வெடித்திருந்ததால் பலகையில் எழுதும்போது அவளுக்கு எரியும். ஆனாலும் இரண்டு மாதத்தில் தகர வரிசைவரை வந்துவிட்டாள். தனியாக எழுதிக் காட்டியிருந்த தன் பேரின் முதல் எழுத்தை உறையின்மேல் கண்டுபிடித்த அன்றைக்கு மதார் சாகிபுக்கு ஒரு கெளுத்திக் கருவாடு கொடுத்தாள். இன்னும் மூன்று மாதம் போயிருந்தால் போதும். அதற்குள் புத்தகங்கள் பேசிவிட்டன.

அப்புறம் வகுப்புக்கு யார் வருவார்கள்? ஆவணியில் நாலு பேர், புரட்டாசியில் ஒருவரும் இல்லை. வியாகுலம்மாளும் பலகையை வைத்துவிட்டு, புனிதர் கதையைக் காதோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டாள். காகிதமே காதில் சொல்லும் காலம் வந்துவிட்டது, இனி எதற்கு விரலைக் கெடுத்துக்கொள்வது என்று அவள் நினைத்தாள். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். நாளைக்குப் பத்துப் பேர் வந்த இடத்தில் அறுநூறு பேர் வந்தார்கள். வாசகர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் மதார் சாகிப் அறுநூறு என்று எழுதினார். எழுத்தறிவு வளர்வதாக மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டினார். வகுப்பை விட்டுவிட்டோமே என்று அவருக்கு அவ்வப்போது உறுத்தியது உண்மை. ஆனால் அறுநூறு என்று எழுதும்போது உறுத்தல் போய்விடும்.

கார்த்திகையில் ஒருநாள் வியாகுலம்மாள் கடிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

"இதுக்கும் ஒரு முத்திரை குத்து பாய். அதுவே எங்காதுல சொல்லட்டும்."

"அது நூலகத்துச் சாமான்மேலதான் குத்தணும்மா. சொந்தக் கடுதாசில குத்தினா என் வேலை போயிடும். இத்தினி மாசம் பிரிக்காம வெச்சிருந்தீங்க, ஒரு மூணு மாசம் படிச்சீங்கன்னா..."

"நீ எங்க பாய் சொல்லித் தர்றே இப்ப?"

அவர் முத்திரையை டிராயருக்குள் வைத்து மூடினார். அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனாள். வகுப்பை அன்றைக்கே திரும்ப வைத்திருக்கலாம், அல்லது முத்திரையைக் குத்தித் தொலைத்திருக்கலாம். இரண்டில் ஒன்றையும் அந்த மனிதர் செய்யவில்லை.

நாலு வருஷம் போனது. ராயபுரத்து ஆட்கள் கோதாவரியின் நீளமும் காய்ச்சலுக்குக் கஷாயமும் தெரிந்தவர்களானார்கள். 1955இல் சந்துக்கு இன்னொரு குழாய் வேண்டும் என்று மனு போட்டபோது, அதில் இருநூற்றுப் பன்னிரண்டு கைநாட்டும் இரண்டே கையெழுத்தும் இருந்தன. ஒன்று வரதனுடையது, மற்றது மதார் சாகிபுடையது. அந்தத் தாளில் இருந்த கைநாட்டுகளை மதார் சாகிப் இரண்டு தரம் எண்ணினார். அதே வாரம் அவருக்குத் தலைமை அலுவலகத்துக்கு உயர்வு வந்தது. வாசகர்களைப் பெருக்கியதற்காக என்று போட்டிருந்தது.

அன்று அவரே வியாகுலம்மாளைக் கூப்பிட்டனுப்பினார். அவள் உறையைப் பிரித்து, எழுத்துப் பக்கம் அவருக்குத் தெரியாமல் மடித்து நீட்டினாள். அவர் காகிதத்தின் முதுகுப் பக்கம் ஊதா முத்திரையைக் குத்தினார். அவள் காதில் வைத்துக்கொண்டாள். கடிதம் சின்னது, கால் மணிக்குள் இரண்டு தரம் கேட்டுவிட்டாள். பிறகு கருவாட்டு விலை சொல்கிற குரலில் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு செத்துட்ச்சாம். குழாயடில பட்ச்சது கேள்விப்பட்டு அவருக்கு வெக்கமாப் பூட்ச்சாம். அதான் ராத்திரிப் பள்ளிக்கூடம் போயி, சொந்தக் கையால எய்தினாராம். கிறிஸ்மஸுக்கு மொத நாளு பேசின் பிரிட்ஜ் டேசன்ல வந்து நிப்பேன், மனசு இருந்தா வா, வரலேன்னா நீ மன்னிக்கலேன்னு நென்ச்சுக்கறேன்னு சொல்றாரு." கடிதத்தை மடித்துக்கொண்டே, "அந்த வர்சத்துக் கிறிஸ்மஸு பாய்" என்றாள்.

கார்த்திகையில் அவள் முத்திரை கேட்டு நின்றதற்கும் அந்தக் கிறிஸ்மஸுக்கும் நடுவில் முப்பது நாள் இருந்தது. மதார் சாகிப் அதை மனசில் எண்ணிப் பார்த்தார். அவருக்கு அழுகை வந்தது, அழுதார். அவள் அழவில்லை. கடிதத்தைப் பிரித்து ஒரு கை பொத்தி, ஒரே ஓர் இடத்தை மட்டும் காட்டினாள். அங்கே ஒரு வரி மையால் அடிக்கப்பட்டிருந்தது.

"இத்த மட்டும் காய்தம் சொல்ல மாட்டேங்குது பாய்."

அடித்த வரியைக் காகிதம் வாசிக்காது என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. அச்சுப் புத்தகத்தில் அடித்த வரி ஏது? உற்றுப் பார்த்தால் எழுத்துகள் தெரிந்தன. அவர் குனிவதற்குள் அவள் உள்ளங்கையால் மூடிவிட்டாள்.

மதார் சாகிப் உயர்வு வேண்டாம் என்று எழுதிப்போட்டார். மறுநாள் சாயங்காலம் வகுப்பு மறுபடி தொடங்கியது, ஒரே ஆளுக்கு. பாடப் புத்தகம் கையில் எடுத்தால் தானாகவே சொல்லிவிடும் என்பதால், வியாகுலம்மாள் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு தகர வரிசையிலிருந்து படித்தாள். சுற்றிலும் அறுநூறு பேர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்க, அவள் ஒருத்தி கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். மூன்று மாதம்தான் ஆயிற்று. பங்குனியில் ஒருநாள் அவள் கடிதத்தை மடியிலிருந்து எடுத்து, அடித்த வரியின்மேல் வெடித்த விரலை வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாகப் போனாள். முடித்துவிட்டுக் கடிதத்தை மடித்து மறுபடி மடியில் முடிந்துகொண்டாள். அந்த வரியில் என்ன இருந்தது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவள் எழுதிய பதில், விலாசதாரர் அங்கே இல்லை என்று வைகாசியில் திரும்பி வந்தது. அதை அவளே படித்துக்கொண்டாள். புத்தகங்கள் பேசுவதை நிறுத்தவில்லை. மேஜை டிராயரில் அவளுக்காகக் கொஞ்சம் பஞ்சு எப்போதும் இருக்கும், தீர்ந்தால் மதார் சாகிப் வாங்கி வைப்பார்.