முந்தி வந்த சத்தம்

மரியஜோசப் கம்பளிக் குல்லாவை மாட்டிக்கொண்டு கோயில் ஹாலுக்குக் கிளம்பிய நேரம் பார்த்து எஸ்டேட் லயத்து வாசலில் ஒருவன் வந்து நின்றான்.

"ஏனுங்க பெரியவரே, கேபிள்காரர் பினு ஊடு எதுங்க?"

மரியஜோசப் அவனை மேலும் கீழும் பார்த்தார். நெஞ்சோடு அணைத்த பை. ஓரத்தில் மட்டும் சேறு பட்ட புது ஷூ. பேச்சு பாலக்காட்டுக் கிழக்குப் பேச்சு. ஏலக்காய் வாங்க வந்தவன் முகமில்லை. சொந்தம் தேடி வந்தவன் இன்னார் மகன் வீடு எது என்று கேட்பான். கேபிள்காரன் வீடு எது என்று கேட்கிறவன் கம்பெனி ஆள்தான்.

அடுத்த எஸ்டேட்டிலும் போன வாரம் இப்படித்தான் ஒருவன் வந்து கேட்டான். மறுநாள் அங்கிருந்த கேபிள்காரனின் பெட்டிகளையெல்லாம் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெண்கள் ஹாக்கி லீக்கை ஊர் கூட்டிக் காட்டினான் என்பது குற்றம். போன வருஷம் வரை அந்த லீக் அரசாங்கச் சேனலில் சும்மா வந்தது. இந்த வருஷம் ஒரு கம்பெனி மொத்தமாக விலைக்கு வாங்கிவிட்டது. அவர்களுடைய கட்டணச் சேனலிலும் செல்போன் ஆப்பிலும் தவிர வேறெங்கும் வராது. ஒரு கனெக்ஷன் ஒரு வீட்டுக்கு. கூட்டம் சேர்த்துக் காட்டக் கூடாது.

இன்றைக்கு அந்த லீக்கின் ஃபைனல். ஆடுகிறவர்களில் ஒருத்தி அனுப்பிரியா. இதே லயத்துக் கடைசி வீட்டுப் பிள்ளை. அவள் அம்மா வேலுத்தாய் கொழுந்து கிள்ளுகிறவள். சீசன் முழுக்க மகள் ஆடியதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அதற்காகத்தான் பினு தன் வீட்டுப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுபோய் கோயில் ஹாலில் மாட்டி, வெள்ளை வேட்டியில் படம் விட ஏற்பாடு செய்திருந்தான். எஸ்டேட்டே அங்கே உட்கார்ந்திருந்தது. பினுவுக்கு அந்தக் கேபிள் வயரை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. பெட்டி போனால் அவன் போனான்.

"பினு வீடு ஹாலுக்கு அந்தாண்ட," என்றார் மரியஜோசப். "இப்பப் போக முடியாது. வழியில யானை நிக்கு."

"யானைங்களா!"

"ஒத்தை. மதத்துல நிக்கு. உள்ள வாரும்."

இந்தப் பக்கம் யானை நிற்கிறது என்றால் ஏன் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். பஸ்ஸே நிற்கும். சமவெளிக்காரன் பையை இன்னும் இறுக்கிக்கொண்டு உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். பெயர் தனபால் என்றான். கொழிஞ்சாம்பாறைப் பக்கம். சர்வே வேலையாக வந்தானாம்.

என்ன சர்வே என்று மரியஜோசப் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பொய் சொல்வான். தன் பொய் ஒன்றைக் காப்பாற்றுவதே பெரும்பாடு.

அடுப்படிக்குப் போய் மருமகள் லிஜியிடம் கிசுகிசுத்தார். "ஓடிப்போயி படத்த நிப்பாட்டச் சொல்லு. கம்பெனிக்காரன் வந்துட்டான்."

லிஜி பின்வாசல் வழியாக ஓடினாள். மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். "பினு நிப்பாட்ட மாட்டேங்கான் மாமா. வேலுத்தாயி அக்கா முன்னாடி உக்காந்திருக்கு, அது மூஞ்சியப் பாத்துட்டு எப்படி அணைக்கன்னு கேக்கான். ஆள நீங்களே பிடிச்சு வச்சுக்கிடணுமாம்."

"சத்தமாவது போடாம இருக்கச் சொன்னியா?"

"சொன்னேன். கிறுக்கியப் பாக்க மாதிரி பாத்தாங்க."

பால் விடாத கட்டஞ்சாயாவை அவரே எடுத்துக்கொண்டு வந்தார். தனபால் வாங்கிக்கொண்டு, "அந்தக்கா வெளிய போயிட்டு வந்தாப்பல இருக்குதுங்களே. யானை ஒண்ணுஞ் செய்யாதுங்களா?" என்றான்.

"எங்க பொம்பளைகளுக்குப் பழக்கம்."

தனபால் தலையாட்டினான். நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை. கீழே ஹாலிலிருந்து சன்னமாக ஒரு இரைச்சல் வந்தது. மரியஜோசப்பின் கால் தரையில் நிற்கவில்லை. முதல் கால்வாசி ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். எஸ்டேட் ஹாக்கி டீமில் ஃபுல்பேக் ஆடியவர் அவர். இப்படி ஒரு நாளில் இவனுக்குக் காவலாக வீட்டில் உட்கார வேண்டியதாயிற்றே என்று பல்லைக் கடித்தார்.

"இங்க டவர் கெடைக்குங்களா?"

"அந்த ஜன்னல்ல மட்டும்."

தனபால் போனை எடுத்து ஜன்னலருகே பிடித்தான். "ஒரு ஃபைனல் ஓடுதுங்க. ஹாக்கி. நானும் ஸ்கூல்ல ஆடுனவன்தானுங்க. பாக்குறீங்களா?"

அவன் தூண்டில் போடுகிறான் என்று மரியஜோசப்புக்கு நன்றாகத் தெரிந்தது. ஹாக்கியாவது, ஒன்றாவது என்று சொல்லியிருக்க வேண்டும். கண் தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் பச்சையும் நீலமுமாக மைதானம் தெரிந்தது. பின்வரிசையில், முழங்காலில் கைவைத்துக் குனிந்து, அனுப்பிரியா நின்றாள்.

"வை," என்றார்.

போனை ஜன்னல் திட்டில் சீனி டப்பாமேல் சாய்த்து வைத்தார்கள். இருவரும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். படத்தில் பந்து நடுமைதானத்தில் இங்குமங்கும் தட்டுப்பட்டுக் கொண்டிருந்தது. ஒன்றுமில்லாத ஆட்டம். அப்போது ஹாலிலிருந்து கூரை பிய்கிற மாதிரி ஒரு கூச்சல் கிளம்பிற்று.

தனபால் திடுக்கிட்டான். "என்னங்க அது?"

"யானைய வெரட்டுதாங்க."

"இத்தன பேருங்களா?"

"யானை பெருசு."

தனபால் மறுபடி படத்துக்குத் திரும்பினான். படத்தில் இப்போதுதான் நடுவர் பெனால்டி கார்னருக்குக் கை காட்டினார். அனுப்பிரியா வட்டத்தின் நுனிக்கு வந்து நின்றாள். பந்து வந்தது. மட்டையில் வாரி எடுத்துச் சுழற்றி வீசினாள். வலை குலுங்கியது.

மரியஜோசப்பின் வாய் திறந்து அப்படியே நின்றது. ஹாலில் முதலில், இங்கே பிறகு. ரெண்டும் ஒரே ஆட்டம், ஒரே நேரம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார். பினுவின் டிஷ் பெட்டியில் வருவது போனில் ஒரு நிமிஷம் பிந்தித்தான் வரும் என்று யார் அவருக்குச் சொன்னார்கள்?

ஓரக்கண்ணால் பார்த்தார். தனபால் படத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, சத்தம் வந்த திக்கைப் பார்த்துக் கொண்டிருந்தான். மிச்சமிருந்த சாயாவைக் குடித்தான்.

மூன்றாவது கால்வாசியில் ஹாலிலிருந்து ஒரே குரலாக "ஐயையோ" என்று எழுந்து அடங்கியது. தனபால் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். படத்தில் எதிராளி டீம் இன்னும் தன் பக்கமே நின்றிருந்தது. பிறகு நீளமாக ஒரு பந்து வந்தது, ஒருத்தி ஓடினாள், கோல் விழுந்தது. ஒன்றுக்கு ஒன்று.

"யானை உள்ள பூந்துருச்சுங்களாட்ட இருக்குது," என்றான் தனபால்.

மரியஜோசப்புக்குக் காது சுட்டது. இனிமேல் மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"ஏய், நேரா கேளு. நீ கம்பெனி ஆளுதான?"

"ஆமாங்க."

"பெட்டியத் தூக்க வந்தவன்?"

"தூக்கறது வேற ஆளுங்க. நான் போட்டோ எடுத்து அனுப்பறவனுங்க. படம் போட்ட ஆளு அதுல தெரியோணும்."

"பந்தையும் மட்டையையும் எவன்ல வெலைக்கு வித்தான்? அந்தப் புள்ள கீழ தெரியுத கிரவுண்டுல எங்க மட்டைய வாங்கி ஆடுன புள்ள. வித்தப்ப எங்களக் கேட்டானா? அவ ஆத்தாளக் கேட்டானா?"

தனபால் கோபப்படவில்லை. "அந்தப் புள்ளைக்குச் சம்பளம் எங்கிருந்து வருதுங்க பெரியவரே? சேனல்காரன் குடுக்கற காசுதானுங்க. எல்லாரும் ஓசியில பாத்தா லீக்கு எப்படி நடக்கும்? அரசாங்கச் சேனல்ல வந்தப்ப அந்தப் புள்ளைக்கு ஷூ வாங்கவே வழியில்லீன்னு பேப்பர்ல போட்டாங்களே, படிச்சிருப்பீங்க."

மரியஜோசப் பேப்பர் படிக்கிறவரில்லை. ஆனால் அது நிஜம். ஓட்டை ஷூவுக்குள் அட்டையை மடித்து வைத்துக்கொண்டு அவள் ஓடியதைப் பார்த்திருக்கிறார். எரிச்சல்தான் கூடியது.

"ஓசின்னு எவன் சொன்னான்? பினு கட்டித்தான இருக்கான்."

"ஒரு ஊட்டுக்குக் கட்டியிருக்காருங்க."

"நல்லா அண்ணாந்து பாரு. இந்தக் கூரை எங்க முடியுதுன்னு சொல்லு பாப்போம். எட்டு வாசல், ஒரே கூரை. தேயிலைக் கம்பெனி கட்டிவிட்டது. எங்களுக்கு ஒரு வீடுன்னா இதுதாம்."

தனபால் நிஜமாகவே அண்ணாந்து பார்த்தான். தகரம் இருட்டுக்குள் நீண்டுகொண்டே போயிற்று. "இத எழுதி அனுப்புனா என்னைய வேலையிலிருந்து தூக்கிருவாங்க," என்று சிரித்தான். சிரிப்பு உடனே நின்றுவிட்டது. "ரெண்டு எடத்துல போட்டோ இல்லாமத் திரும்பிட்டனுங்க. மூணாவது எடமும் இல்லீன்னா என்னைய வெச்சுக்க மாட்டாங்க."

இதுவும் ஒரு தந்திரமாக இருக்கும் என்று மரியஜோசப் நினைத்தார். இல்லாமலும் இருக்கலாம்.

நாலாவது கால்வாசியும் கோல் இல்லாமல் முடிந்தது. ஷூட்அவுட். ஒருத்தி கோல் காக்கிற கோலியை எதிர்த்துத் தனியாக ஓட வேண்டும், எட்டு விநாடிக்குள் போட வேண்டும். இனி ஹால் அடங்காது. ஒவ்வொரு சத்தமும் முன்கூட்டியே வந்து காதில் அறைந்தது. இவர்களுக்குப் படத்தில் வருவதற்குள் முடிவு தெரிந்துபோயிற்று. போட்டாள். தவறினாள். போட்டாள். எதிராளியும் அதே கணக்கு. கடைசி ஜோடி மிச்சம். எதிராளியின் கடைசி ஆளை நம் கோலி தடுத்தாள் என்று ஹால் கூவியது, பிறகு அந்தக் கூவல் பாதியில் செத்துப்போய் முணுமுணுப்பானது. கோலி ஆளை இடறினாளோ என்று மேல் நடுவரிடம் கேட்கிறார்கள் போல. நேரம் இழுக்கும்.

தனபால் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். "வாங்க பெரியவரே. யானையப் பாத்துட்டு வந்தரலாம்."

"போட்டோவுல பினு விழுந்தான்னா அவன் குடும்பம் தெருவுல நிக்கும்ல."

"போட்டோ இல்லீன்னா என் குடும்பமுங்க."

அவன் வாசலைத் தாண்டிவிட்டான். மரியஜோசப்புக்கு அவன் வேகம் இல்லை. ஆனால் வழி அவருடையது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே கொழுந்துக்காரிகள் இறங்குகிற ஒற்றையடியில், முள்ளும் கிளையும் காலைக் கீற, நேர்செங்குத்தாக இறங்கினார். தனபால் படிக்கட்டைச் சுற்றி வந்து சேரும்போது இவர் ஹால் கதவில் கை வைத்திருந்தார்.

உள்ளே இருட்டு. தரை முழுக்கத் தலைகள். வேட்டித் திரையில் அனுப்பிரியா மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டு நின்றாள். எதிராளி கேட்ட பெனால்டியை மறுத்துவிட்டார்கள். இவள் போட்டால் கோப்பை. முன்வரிசையில் வேலுத்தாய் இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். பினு புரொஜக்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாசலில் நின்றவர்களைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

தனபால் போனை உயர்த்தினான்.

மரியஜோசப் தலைகளைத் தாண்டி, யாரையோ மிதித்து, மேஜைக்கு முன்னால் போய் நின்றார். பினுவின் தோளை அமுக்கினார். "உக்காருல."

"பெரியப்பா, நீங்க எதுக்கு..."

"உக்காருங்கேன்ல!"

பினு மேஜைக்குக் கீழே சரிந்தான். மரியஜோசப் புரொஜக்டர் மேல் ஒரு கையை ஊன்றி, போனைப் பார்த்துத் திரும்பி நின்றார். திரை இப்போது அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. "என்னைய எடு. பேரு மரியஜோசப். போட்டது நாந்தான். பெட்டியும் என்னது. வேற எவன் பேரும் இதுல இல்ல."

போனின் வெளிச்சம் கண்ணில் அடித்தது. அதே நொடியில் திரையில் விசில் ஊதியது.

திரும்பிவிடலாம். ஒரு கழுத்துத் திருப்பல்தான். ஆனால் போன் இன்னும் இறங்கவில்லை. கொஞ்சம் நகர்ந்தாலும் பினுவின் தலை தெரிந்துவிடும். மரியஜோசப் நகரவில்லை. எட்டு விநாடி. ஹாலில் ஒரு மூச்சில்லை. அவருக்கு முன்னால் பார்க்க இருந்தது ஒரே ஒரு முகம். தனபாலின் கண் போனை விட்டு மேலேறி, அவர் தோளுக்கு மேல் போய், வலம் இடமாக ஓடியது. பல் உதட்டைக் கடித்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்தபடியே நின்றது.

வேலுத்தாய் வீறிட்டாள். அதற்குப் பிறகு ஹாலில் எதுவும் தனியாகக் கேட்கவில்லை. யார் யாரோ அவர் மேல் விழுந்தார்கள். குல்லா எங்கோ போயிற்று.

"எடுத்தாச்சா?" என்று கத்தினார் மரியஜோசப்.

தனபால் கிட்டே வந்து போனைத் திருப்பிக் காட்டினான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கிழவன், பின்னால் வெள்ளை வேட்டி. வேறு யாருமில்லை. "இத அனுப்பிருவனுங்க. உங்க பேருக்கு நோட்டீஸ் வரும்."

"வரட்டும்."

திரைக்குத் திரும்பினார். அங்கே ஒருத்தி பல்லைக் காட்டிச் சோப்பு விற்றுக் கொண்டிருந்தாள். காத்திருந்தார். அடுத்தது பெயிண்ட். அதற்கடுத்தது கார். பினு பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "திரும்பிக் காட்ட மாட்டேங்கான் பெரியப்பா, அதுக்கு வேற பேக்குக்குக் காசு கட்டணுமாம்," என்றான்.

எப்படிப் போட்டாள் என்று பக்கத்தில் கேட்டார். மேலே தூக்கிப் போட்டாள் என்றான் ஒருவன். காலிடையில் தள்ளினாள் என்றாள் லிஜி. கண்ணையே திறக்கவில்லை என்றாள் வேலுத்தாய், அழுகையும் சிரிப்புமாக. ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தரையும் நம்ப முடியவில்லை.

தனபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தான்.

"ஏய், நில்லு. நீ நேரா பாத்தவன்." மரியஜோசப் அவன் கையைப் பிடித்தார். "பொய் சொல்லாம சொல்லு. எப்படிப் போட்டா?"

தனபால் அவரைப் பார்த்தான். பிறகு பையைக் கீழே வைத்து, கோலி இங்கே என்று அதைக் கொஞ்சம் முன்னே தள்ளி, மட்டை பிடித்தவனைப் போல முழங்காலை மடித்துக் குனிந்தான்.