நேராகப் பார்க்காத துணிக்கடைக்காரர்

துணிக்கடைக்காரர் நேராகப் பார்த்த பொருள் எதுவும் அவருக்குக் காசநோய் வந்த ஆண்டிலிருந்து இருந்த இடத்தில் இருப்பதில்லை. முதலில் போனது கடையின் சுவர்க்கடிகாரம். ஆணி மட்டும் மிச்சம். தெய்வக் குற்றமெல்லாம் இல்லை, எல்லாம் கொசுறு செய்த வேலை. ஒரு மீட்டர் கேட்டவருக்கு நாலு விரற்கடை கூட்டி வெட்டிக் கொடுத்தே பெயர் வாங்கியவர் அவர். காசநோய்க்கு டாக்டர் எடை பார்த்துத் தினம் மூன்று மாத்திரை எழுதினார். நோயும் ஒரு வாடிக்கையாளர்தானே, தாராளமாகக் கொடுத்தால் சீக்கிரம் கிளம்பிவிடும் என்று இவர் ஐந்தாகப் போட்டுக்கொண்டார். அளவோடு விழுங்குகிறவர்களைக் கஞ்சர்கள் என்று கேலி வேறு. இருமல் நின்றது. நான்காம் மாதம் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிட, சிவப்பு கேட்டு வந்தவர்கள் பச்சையோடு வீடு போனார்கள். பிறகு பார்வையின் நட்டநடுவில் காசளவு இருட்டு வந்து உட்கார்ந்தது. அதில் பட்டதெல்லாம் அவருக்கு மட்டுமல்ல, ஊருக்கே இல்லாமல் போயிற்று.

கண் டாக்டர் மாத்திரையை அன்றே நிறுத்தினார். அளவு மீறிய மருந்து கண்ணுக்குப் பின்னாலுள்ள நரம்பைத் தின்றுவிட்டது, இனி திரும்புவது சந்தேகம் என்றார். கடைக்காரர் பேரத்தில் இறங்கினார். இடது கண்ணை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள், வலது கண்ணில் நடுவே ஒரு துண்டு மட்டும் விட்டுக்கொடுங்கள் என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். கெஞ்சும்போது மேஜையைப் பார்த்துவிட்டதால் மீதிப் பேச்சு மேஜை இல்லாமல் முடிந்தது.

வீடு திரும்பியவர் மனைவி இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார், சுவரைப் பார்த்துப் பேசினார். சுவரும் அங்கங்கே ஓட்டையாயிற்று. ஏழு மாதம் பொறுத்தவள் ஒரு காலையில் அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"கடைக்கு வர்றவங்க மூஞ்சியெல்லாம் மனப்பாடமா வச்சிருந்தீங்க. என்னை இருபது வருஷமா துணியோட ஓரம் மாதிரிதான் பாத்தீங்க. இப்ப அதுவும் இல்ல."

"பாத்தா நீ போயிடுவ."

"பாக்கலேன்னா மட்டும் இருக்கேனாக்கும்?"

அவர் வெகுநேரம் அழுதார். பிறகு அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தார். நெற்றி போயிற்று, கண் போயிற்று. கடைசியாக வாய், "அவசரப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிற்று. கைக்குள் இருந்த சூடு மட்டும் போகவில்லை.

மறுநாளிலிருந்து வியாபாரத்தை அவள்தான் பார்க்கிறாள். கத்திரிக்கோல் தானாக நடக்கிறது, கறாரான விலை காற்றிலிருந்து வருகிறது. வாடிக்கையாளர்கள் குரல் வரும் பக்கம் திரும்பிச் சண்டை போடப் பழகிவிட்டார்கள். நெரிசலில் அவளை இடித்துவிட்டால், "பாக்கலக்கா" என்று சொல்லி நகர்ந்து வழிவிடுகிறார்கள்.