பச்சைப் பொட்டு வைத்த பாக்கெட்

அந்த அம்மாள் சிகரெட்டைப் பற்றவைத்து முதல் இழுப்பு இழுத்ததும் கண்ணை மூடினாள் பாருங்கள், அப்போதே போக்னாவுக்குத் தெரிந்துவிட்டது, மாட்டிக்கொண்டோம் என்று. கழுத்தில் வர்த்தக ஆய்வுத் துறையின் அடையாள அட்டை தொங்குகிறது. முகக்கவசம் தாடைக்குக் கீழே கிடக்கிறது. பெட்டிக்கடை ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, போக்னாவிடம் வாங்கிய பாக்கெட்டை அவள் கண்ணெதிரிலேயே உடைத்துக் குடிக்கிறாள். புகையை அவசரமே இல்லாமல் விட்டாள். பிறகு கூட வந்த கண்ணாடிக்காரரிடம் திரும்பிச் சொன்னாள்.

“மென்தால்தான். சந்தேகமே இல்ல.”

“இல்ல மேடம், அது சாதா சிகரெட்” என்றாள் போக்னா.

“இருபது வருஷம் மென்தால் மட்டுமே குடிச்சவ நான். என் தொண்டைக்குத் தெரியாதா? உள்ள ஜில்லுன்னு இறங்குது. யார்கிட்டக் கதை விடுறீங்க?”

கொடுமையைக் கேளுங்கள். போக்னா சொன்னது சத்தியம். அந்தப் பாக்கெட்டில் மென்தால் என்கிற புதினாச் சத்து ஒரு துளி கிடையாது. அதன் மூலையில் பச்சையாக ஒரு வட்ட ஸ்டிக்கர் இருந்தது, அவ்வளவுதான். அதை ஒட்டியவளும் போக்னாதான்.

ஐரோப்பா முழுக்க மென்தால் சிகரெட்டுக்குத் தடை வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. தோருன் நகரத்தில், ரூபின்கோவோ டிராம் நிறுத்தத்தில் இருக்கும் போக்னாவின் கடைக்கு அன்றைக்கே பாதி உயிர் போயிற்று. டிக்கெட், பத்திரிகை, லாட்டரி எல்லாம் பேருக்குத்தான். கடையை ஓட்டியது பச்சைப் பெட்டி மென்தால். தடைக்குப் பிறகு சாதா சிகரெட்டை வாங்கிப்போனவர்கள், எரிகிற வைக்கோலை விழுங்குவது போலிருக்கிறது என்று முகம் சுளித்தார்கள். அந்தச் சமயத்தில்தான், லேசான ரகம் கேட்பவர்களுக்குக் காரமான ரகம் மாறிப் போய்விடக் கூடாதே என்று, அவள் லேசான பாக்கெட்டுகளில் பச்சைப் பொட்டு ஒட்டி வைத்தாள். டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற ரெமிகியூஷ் ஒன்று வாங்கிக் குடித்துவிட்டு, ஜன்னலுக்குள் தலையை நீட்டிக் கிசுகிசுத்தார்.

“போக்னாம்மா, இதுல மென்தால் இருக்குல்ல? கம்பெனிக்காரன் ரகசியமா விடுறானா?”

அவள் சிரித்தாள். அவர் கண்ணடித்தார். மறுநாள் நாலு பேர் வந்து பொட்டு வைத்த பாக்கெட் கேட்டார்கள். வாரக் கடைசிக்குள் பேட்டை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஆமாம் என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு பொட்டு ஒட்டினாள்.

இதுவரைக்கும் சில்லறைத் திருட்டுத்தனம் என்று விட்டுவிடலாம். ஆனால் இர்மீனா விஷயம் அப்படி இல்லை.

இர்மீனா அவளுடைய உயிர்த் தோழி. எதிர் பிளாக்கில், லிஃப்ட் இல்லாத நாலாவது மாடியில் இருப்பவள். நுரையீரல் டாக்டர் எத்தனை தடவை கையெடுத்துக் கும்பிட்டும் விடாதவள், தடை வந்த அன்றைக்கு, “ஜில்லுன்னு இல்லாத சிகரெட்ட எந்த நாய் குடிக்கும்?” என்று லைட்டரைத் தூக்கி எறிந்தாள். எறிந்தவள் எறிந்ததுதான். குளிர்காலம் முழுக்க ஒன்றுகூடத் தொடவில்லை. இருமல் அடங்கியது. நாலு மாடியும் நிற்காமல் ஏறிவிட்டு, சமையலறை ஜன்னலைத் திறந்து போக்னாவுக்குக் கையாட்டுவாள். பிறகு ஒரு நாள், பொட்டு பற்றிக் கேள்விப்பட்டு வந்து நின்றாள். “நிஜமாடீ? பழைய மாதிரியே இருக்குதாமே?” என்றாள். கண்ணில் அத்தனை ஆசை.

போக்னா பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள்.

அந்த இர்மீனாதான் இப்போது கையில் காபி பிளாஸ்க்கோடு, இருமிக்கொண்டே டிராம் பாதையைத் தாண்டி வருகிறாள். போக்னா மனதுக்குள் அலறினாள். வராதே, தாயே, இன்றைக்கு மட்டும் வராதே. ரெமிகியூஷ் ஏற்கெனவே மோப்பம் பிடித்து வந்து நிறுத்தத்தின் ஓரம் நின்றுகொண்டிருந்தார். ரகளை நடந்தால் அந்த மனிதருக்குக் காலை உணவே வேண்டாம்.

“சரக்க சீல் வைக்கிறோம்” என்றாள் அதிகாரி. அட்டையில் ஜானெத்தா என்று பெயர் இருந்தது. “ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம். முடிவு வர்ற வரைக்கும் கடை திறக்கக் கூடாது. இன்னிக்கே வழக்கு.”

வழக்கு என்ற சொல்லுக்குத்தான் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர் தவம் கிடக்கிறார். கடை நிற்பது சங்கத்தின் இடம்; அங்கே, ஜனங்கள் தாங்களே பார்சல் எடுத்துக்கொள்ளும் இயந்திரப் பெட்டியை நிறுத்த அவருக்கு ஆசை. அதற்குச் சம்பளம் வேண்டாம், ஒட்டடை அடிக்க வேண்டாம், அவரிடம் எதிர்த்துப் பேசாது. போக்னாவின் வாடகை ஒப்பந்தத்தை முறிக்க அவருக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம். ஆய்வுக்கூடம் அவள் நிரபராதி என்று சாவகாசமாகச் சொல்லும்போது, கடை இருந்த இடத்தில் இயந்திரம் நிற்கும்.

“மேடம், கொஞ்சம் உள்ள வாங்க. தனியா ஒரு விஷயம் சொல்லணும்.”

ஜானெத்தாவின் முகம் இறுகியது. “தனியாவா? லஞ்சம் குடுக்கிற உத்தேசமா?”

“ஐயோ, அதெல்லாம் இல்ல!”

“அப்போ எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. நான் எதையும் தனியாக் கேக்கிறதில்ல.”

அதற்குள் இர்மீனா வந்துவிட்டாள். நிலைமையை ஒரே பார்வையில் புரிந்துகொண்டு, பிளாஸ்க்கை ஜன்னல் பலகையில் டங்கென்று வைத்தாள். தோழிக்காகச் சண்டைக்குப் போவதென்றால் அவளுக்கு மூச்சு எங்கிருந்துதான் வருமோ!

“என்ன மேடம், நாட்டுல வேற திருடனே கிடைக்கலையா? எங்களுக்காகத்தானே வச்சிருக்கா! பொழுது போகாத கிழடுங்க நாங்க. ரெண்டு மென்தால் குடிச்சா ஐரோப்பா இடிஞ்சு விழுந்திருமா?”

“இர்மீனா, சும்மா இருடி” என்றாள் போக்னா.

“நீ சும்மா இரு. நல்லவளாவே இருந்து சாவாத.”

ரெமிகியூஷ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார். “நானும் சாட்சி சொல்றேன் மேடம். சுத்தமான மென்தால். கலப்படமே கிடையாது. இந்தப் பொண்ணு யாரையும் ஏமாத்துனதில்ல.”

“எழுதிக்கோங்க” என்றாள் ஜானெத்தா கண்ணாடிக்காரரிடம். “ரெண்டு சாட்சி.”

காப்பாற்ற வந்த இரண்டு பேரும் சேர்ந்து அவளைக் குழிக்குள் தள்ளி மண்ணையும் போட்டார்கள். போக்னாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கண்ணாடிக்காரர் பையிலிருந்து சீல் வைக்கும் நாடாவை எடுத்தார். இர்மீனா ஜன்னல் வழியே கையை நீட்டி, போக்னாவின் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது.

வாயைத் திறக்காவிட்டால் கடை போய்விடும். திறந்தால் இந்தக் கை போய்விடும். நாடா கிர்ரென்று பிரிகிற சத்தம் கேட்டது. மனுஷி எவ்வளவு நேரம்தான் தாங்குவாள்?

“அது வெறும் ஸ்டிக்கர்!”

அவள் கத்தியது நிறுத்தத்தில் டிராமுக்கு நின்றவர்களுக்கும் கேட்டது.

“நான் ஒட்டுன ஸ்டிக்கர் மேடம். உள்ள இருக்கிறது சாதா சிகரெட். இன்னும் பொட்டு ஒட்டாத லேசான பாக்கெட்ல இருக்கிற அதே சரக்கு. வேணும்னா சோதிச்சுப் பாருங்க. திரும்பி நின்னுக்கோங்க. உங்க ஆள் எதுலருந்தாவது ஒண்ணு எடுத்துக் குடுக்கட்டும். எதுன்னு நீங்க சொல்லுங்க.”

“என்னைச் சோதிக்கிறீங்களா?”

“என் கடைய மூடப்போறீங்க. இது ஒண்ணாவது செய்யுங்க.”

ஜானெத்தா ஒரு கணம் யோசித்தாள். அவளுக்குத் தன் தொண்டை மேல் அசையாத நம்பிக்கை. திரும்பி நின்றாள். போக்னா பொட்டு வைத்த பாக்கெட் ஒன்றையும், அதே லேசான ரகத்தில் பொட்டில்லாதது ஒன்றையும் கண்ணாடிக்காரரிடம் கொடுத்தாள். அவர் ஒன்றிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து நீட்டினார். ஜானெத்தா பற்றவைத்தாள். இரண்டு இழுப்பு. கீழே போட்டு மிதித்தாள். அடுத்ததை வாங்கினாள்.

“முதல்ல குடுத்தது மென்தால். நல்லாத் தெரியுது. இது சாதா.”

கண்ணாடிக்காரர் தொண்டையைக் கனைத்தார். “முதல்ல குடுத்தது பொட்டு இல்லாததுங்க.”

“என்னது?”

“ரெண்டாவதுதான் பொட்டு வச்சது.”

அவள் இரண்டு பாக்கெட்டையும் பிடுங்கிப் பார்த்தாள். அடியில் அச்சிட்டிருந்த தயாரிப்பு எண்களை ஒப்பிட்டாள்; இரண்டும் ஒரே ரகம். புகையிலையை உதிர்த்து மூக்கில் வைத்தாள். முகம் சிவந்துவிட்டது. ரெமிகியூஷ், “எங்க, என்கிட்டக் குடுங்க, நான் சொல்றேன்” என்று பாய்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்து, அவரும் தப்பாகவே சொன்னார். பொட்டு வைத்தது என்று நம்பிக் குடித்தால் மட்டும் ஜில்லென்றது. நம்பாவிட்டால் எல்லாமே வைக்கோல்.

“அப்படீன்னா இத்தன நாளா நான் என்னத்தக் குடிச்சேன்?” என்றார் ரெமிகியூஷ், யாரைக் கேட்பது என்று தெரியாமல்.

“ஜனங்கள ஏமாத்துறதுக்கும் சட்டம் இருக்கு” என்றாள் ஜானெத்தா. குரலில் பழைய கெத்து இல்லை. “அந்த ஸ்டிக்கரையெல்லாம் இப்பவே கிழிங்க. மறுபடி பார்த்தேன்னா விடமாட்டேன்.” கண்ணாடிக்காரர் பிரித்த நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். இருவரும் காருக்குப் போனார்கள்.

கடை தப்பித்தது. ஆனால் அந்தச் சந்தோஷம் போக்னாவிடம் வந்து சேரவே இல்லை. மணிக்கட்டைப் பிடித்திருந்த கை எப்போது விலகியது என்றுகூட அவள் கவனிக்கவில்லை.

இர்மீனா சோதனையில் கலந்துகொள்ளவில்லை. ஒரு சிகரெட்டையும் தொடவில்லை. நடந்த அத்தனை நேரமும் அவள் போக்னாவின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு முதல் பாக்கெட் குடுத்தியே, அன்னிக்கே தெரியும்ல உனக்கு?”

“தெரியும்.”

“‘போடி லூசு, அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வீட்டுக்குப் போயிருப்பேன்.”

“இர்மீனா, வியாபாரமே இல்லடி அப்போ. உன்னை நான்…”

“நான் விட்டிருந்தேன் போக்னா. நிஜமாவே விட்டிருந்தேன்.”

அவளுக்கு இருமல் வந்தது. பலகையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினாள். இருமல் அடங்கியதும் இர்மீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒரு பாக்கெட் குடு.”

“தரமாட்டேன்.”

“எதுவா இருந்தாலும் சரி. பொட்டு வேண்டாம்.”

“தரமாட்டேன்டி. செத்தாலும் தரமாட்டேன்.”

இர்மீனா சிரித்தாள். “இன்னிக்குத்தான் என் நெஞ்சு மேல அக்கறை வந்துச்சா உனக்கு?”

பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெட்ரோல் பங்கை நோக்கி நடந்தாள். அங்கேயும் சிகரெட் கிடைக்கும். போக்னா கதவைக்கூடச் சாத்தவில்லை. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினாள். நடைபாதை விளிம்பில் எட்டிப் பிடித்து, இர்மீனாவின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். அவள் பெயரை மட்டும் சொன்னாள்.

இர்மீனா கையை உதறவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். போக்னாவின் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் விலக்கிவிட்டு, சாலையைக் கடந்து பங்க் கடைக்குள் போனாள்.