பேனா தட்டினால் பதில்

லாண்டரியில் அவளுக்குக் கிளி என்று பேர் விழுந்தது, ஆங்கில வகுப்பு ஆரம்பித்த இரண்டாவது வாரத்தில். ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்பும் இடம் அது. அவள் மடிப்பு மேசையில் இருந்தாள். மூலையைப் பிடி, உதறு, பாதியாக்கு, அதையும் பாதியாக்கு, தட்டி அடுக்கு. பத்து வருஷமாக இதே வேலை. கை தானாகச் செய்யும், மூளைக்கு அங்கே சோலி கிடையாது. ஆங்கிலமும் அவளுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது, அதுதான் வினை.

வகுப்பு இலவசம். மேலாளரின் ஏற்பாடு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்று துவைக்கும் பக்கத்திலிருந்து ஒருத்தி முணுமுணுத்தாள். கழிப்பறைக்குப் போக ஐந்து நிமிஷம் கேட்டாலே கைக்கடிகாரத்தைப் பார்க்கிற மனிதர், வாரத்துக்கு மூன்று நாள் ஒரு மணி நேரத்தை எடுத்துப் படிக்கக் கொடுக்கிறார் என்றால் சோழியன் குடுமி சும்மா ஆடுமா? காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆய்வுக்கு வரும் இன்ஸ்பெக்டருக்கு இவர்கள் பாஷை தெரியாது. இத்தனை நாளும் மேலாளரே நடுவில் நின்று மொழிபெயர்த்தார், தனக்கு வேண்டியதை மட்டும். இனிமேல் இன்ஸ்பெக்டர் வேலை செய்கிறவர்களிடம் நேரடியாகக் கேட்பார், வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று புது உத்தரவு வந்திருந்தது.

மற்றவர்கள் ஆங்கிலம் வந்தால் நல்ல வேலைக்குப் போகலாம் என்று கனாக் கண்டார்கள். கிளிக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்.

உலர்த்தும் அறையில் அவள் நாத்தனார் வேலை செய்தாள், புருஷனுடைய கடைசித் தங்கை. கிளிதான் அவளை இங்கே சேர்த்துவிட்டவள். அந்த அறையில் ஆறு பெரிய டிரையர், நான்கு பெண்கள், ஒரே கதவு. நாலு மாசத்துக்கு முன்னால் இரண்டு டஜன் துண்டு காணாமல் போயிற்று. அன்றிலிருந்து வேலை நேரம் முழுக்க அந்தக் கதவுக்கு வெளியிலிருந்து பூட்டு. சாப்பாட்டுக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை திறப்பார்கள். போன மாசம் ஒரு டிரையருக்குப் பின்னால் சேர்ந்திருந்த பஞ்சுத்தூசி பற்றிக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் ஈரத் துணியைப் போட்டு அணைத்தார்கள். சாவியைத் தேடிப் பிடித்துக் கதவைத் திறக்கப் பதினோரு நிமிஷம். நாத்தனார் வெளியே வந்தபோது அவள் புருவத்தில் பாதி இல்லை.

"மை வெச்சு வரைஞ்சுக்கலாம் அண்ணி, அழகா இருக்கும்" என்று சிரித்தாள் அவள். கிளிக்குச் சிரிப்பு வரவில்லை. மேஸ்திரியிடம் போய்ப் பூட்டைப் பற்றிக் கேட்டாள். வேலை வேணுமா வேண்டாமா என்று அவர் திருப்பிக் கேட்டார். அன்று முடிவு செய்தாள்: இன்ஸ்பெக்டரிடம்தான் சொல்லவேண்டும், அவர் பாஷையிலேயே சொல்லவேண்டும்.

டீச்சர் வெளியிலிருந்து வந்த மெலிந்த பெண். இலக்கணமெல்லாம் வேண்டாம், பேசுகிறவர்கள் பேசுகிற மாதிரி அப்படியே மனப்பாடம் செய்யுங்கள் என்றாள். லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள்வது. கெட் அலாங் என்றால் ஒத்துப்போவது. புட் அப் வித் என்றால் சகித்துக்கொள்வது. எல்லாம் ஒழுங்காக நடந்தால், ரன்ஸ் லைக் க்ளாக்வர்க். கடிகாரத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தி கேட்டாள். வாழையடி வாழைன்னு சொல்றீங்களே, அங்கே வாழை எங்கேயிருந்து வந்ததோ அங்கேயிருந்துதான் இதுவும் என்று டீச்சர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

டீச்சருக்கு ஒரு முறை உண்டு. கேள்வியைக் கேட்பாள், பேனாவால் மேசையில் இரண்டு தட்டு தட்டுவாள். இரண்டாவது தட்டு அடங்குவதற்குள் பதில் வரவேண்டும். யோசித்தால் ஆங்கிலம் ஓடிப்போகும் என்பாள். மற்றவர்கள் திக்கினார்கள். மடிப்பு மேசைக்காரிக்கு மட்டும் டொக் டொக் என்றதும் பதில் நாக்கிலிருந்து குதித்தது. கேள்வியே கேட்காமல் தட்டினாலும் ஏதாவது ஒரு வாக்கியம் வந்து விழும். சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை என்று கேலி செய்து, கடைசியில் கிளி என்ற பேரே நிலைத்துவிட்டது. வீட்டில் நாத்தனார் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டி விளையாடுவாள். இவளும் அடுப்பைப் பார்த்தபடியே "வீ ஆர் வெல் லுக்ட் ஆஃப்டர், சார்" என்பாள். எங்களை நல்லா பார்த்துக்கிறாங்க சார். இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

பாடத் தாள்கள் நகலெடுத்துத் தைத்தவை. மடிக்கிறவளுக்கு எண்ணாமல் இருக்க வருமா? எட்டாம் பக்கத்துக்கு அடுத்தது பதின்மூன்று. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு டீச்சரிடம் கேட்டாள். டீச்சர் வாசலைப் பார்த்துவிட்டு, அந்த நாலு பக்கம் வேண்டாமென்று மேலாளர் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். பழுதாவது, தீர்ந்துபோவது, மாட்டிக்கொள்வது, வெளியே விடச் சொல்வது, எல்லாம் அந்தப் பக்கங்களில்தான் இருந்ததாம். ஒரு மாசமாகப் படிக்கிறோம், நல்லா இருக்கு என்று சொல்ல நூறு வழி தெரியும், நல்லா இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை தெரியாது.

"டீச்சர், உள்ள வெச்சுப் பூட்டுறாங்கன்னு எப்படிச் சொல்றது?"

டீச்சர் பேனாவை மேசையில் வைத்தாள். பிறகு மெதுவாக, "தே லாக் தெம் இன்" என்றாள். மூன்று தடவை சொல்ல வைத்தாள். பேனாவைத் தட்டவில்லை.

அடுத்த வகுப்புக்கு டீச்சர் வரவில்லை. அவள் நாற்காலியில் மேலாளர் உட்கார்ந்திருந்தார். இனிமேல் நானே எடுக்கிறேன், இன்னும் பத்து நாள்தானே என்றார். டீச்சர் என்ன ஆனாள் என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. அவர் இத்தனை நாளும் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார் போல. சட்டைப் பையிலிருந்து இரும்புப் பேனாவை எடுத்தார். டொக் டொக். கிளி பதில் சொன்னாள். அவர் முகத்தில் திருப்தி. பத்து நாளும் அவளைத்தான் அதிகம் கேட்டார்.

கிளி விடவில்லை. ஒவ்வொரு விரிப்பை உதறும்போதும் மனசுக்குள் அந்த நாலு வார்த்தையைச் சொன்னாள். தே, லாக், தெம், இன். வாக்கியம் நெஞ்சில் பதிந்துவிட்டது என்று நம்பினாள். ஆனால் அது பேனா தட்டாமல் படித்த பாடம். அந்த வித்தியாசம் அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

ஆய்வு நாள் காலையில் பூட்டைக் காணோம். உலர்த்தும் அறைக் கதவு விரியத் திறந்து, பக்கத்தில் சிவப்பு வாளிகள் வரிசையாக நின்றன. நாத்தனார் உள்ளே போகும்போது கிளியின் கையை அழுத்திப் பிடித்தாள். வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இன்ஸ்பெக்டர் நரைத்த, நிதானமான மனிதர். கெட்டவராகத் தெரியவில்லை. நாலு பேரிடம் கேட்டார், எல்லோரும் படித்ததைச் சொன்னார்கள். பிறகு மடிப்பு மேசைக்கு வந்தார். மேலாளர் சட்டப்படி இரண்டடி தள்ளி, கையில் அட்டையுடன் வாயை மூடிக்கொண்டு நின்றார். இங்கே ஏதாவது குறை இருக்கிறதா, பயப்படாமல் சொல்லுங்கள் என்று இன்ஸ்பெக்டர் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். கிளிக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. திறந்த கதவு வழியாக, துணி வண்டியைப் பிடித்தபடி நாத்தனார் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தே..." என்று ஆரம்பித்தாள்.

மேலாளர் அட்டையில் பேனாவைத் தட்டினார். டொக் டொக்.

"வீ ஆர் வெல் லுக்ட் ஆஃப்டர், சார். எவ்ரிதிங் ரன்ஸ் லைக் க்ளாக்வர்க்."

பிசிறே இல்லை. அவ்வளவு சரளம். இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. நீங்கள்தான் இங்கே நன்றாகப் பேசுகிறீர்கள் என்று பாராட்டி எழுதிக்கொண்டார். அவள் மறுபடி வாயைத் திறந்தாள், அந்த நாலு வார்த்தையில் ஒன்றுகூட வரவில்லை. அதற்குள் அவர் அடுத்த மேசைக்குப் போயிருந்தார். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம், தமிழிலேயே கத்தியிருக்கலாம். இதெல்லாம் பிறகு தோன்றியவை. அப்போது அவள் கை அடுத்த விரிப்பை எடுத்து மடித்துக்கொண்டிருந்தது. பாவி, மடித்துக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு வேளையில் மேலாளர் இன்ஸ்பெக்டரைத் தன் காரிலேயே வெளியே சாப்பிட அழைத்துப் போனார். போகுமுன் மேஸ்திரியைப் பார்த்துக் கண்ணால் ஏதோ சொன்னார். இடைவேளை முடிந்து நாலு பெண்களும் உலர்த்தும் அறைக்குத் திரும்பினார்கள். நாத்தனார் மடிப்பு மேசையருகே நின்றாள்.

"சொல்லிட்டீங்களா அண்ணி?"

அந்தப் பாதிப் புருவத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்வது? நாளைக்கு எப்படியாவது சொல்லிவிடலாம், கடிதமாவது எழுதலாம் என்று கிளி அந்த நொடியில் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டாள்.

"சொல்லிட்டேன்டி. நீ போ."

"எனக்குத் தெரியும் அண்ணி, நீங்க சொல்லிடுவீங்கன்னு."

அவள் துள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மேஸ்திரி பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினார். பூட்டு விழும் சத்தம் கேட்டது. சாவி எங்கே என்று கிளி கேட்டாள். வழக்கம்போல சார்கிட்டதான், இப்போ கார்ல அவர்கூடப் போயிருக்கும், பூட்டை அமுக்கினா விழுந்துடும், திறக்கத்தானே சாவி வேணும் என்று சொல்லிவிட்டு அவர் சரக்கு ஏற்றும் பக்கம் போனார்.

கிளி மடித்தாள். ஒரு கட்டு முடிந்து இரண்டாவது கட்டு ஆரம்பித்தபோது மூக்கில் ஏதோ பட்டது. இஸ்திரி சூடு அதிகமானால் வரும் வாசனை மாதிரி. இஸ்திரி இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தாள், அது அணைந்திருந்தது. டிரையர்களின் இரைச்சலுக்கு நடுவே உலர்த்தும் அறைக்குள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள்.

டொக் டொக்.

"வீ ஆர் வெல் லுக்ட் ஆஃப்டர், சார்" என்றது கிளியின் வாய்.

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவள் கால்கள் கதவை நோக்கி ஓடின.